ஆரோக்கியசெல்வி அக்காவின் வெடித்த கைகள்

இன்றைக்குச் சந்தித்தது ஆரோக்கியசெல்வி அக்காவை! மரக்காணம் உப்பளத்தைத் தாண்டி ஈசிஆர் ரோட்டிலிருந்து உள்ளே போனால், எழுந்து நடக்க முடியாத பிள்ளைகள் தங்கியிருக்கும் ஒரு இல்லம். பதினான்கு கட்டில். வாசலில் ஒரு குழாய், ஒரு சோப்பு, பக்கத்தில் அக்கா. அவரை ஏமாற்றிவிட்டு யாரும் உள்ளே போக முடியாது.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த தெய்வசிகாமணி, பேருக்கு விரலை நனைத்துவிட்டு வேட்டியில் துடைத்தார்.

“அண்ணா, நில்லு. கழுவுன கையை வேட்டியில தொடைச்சா கழுவுனதே வேஸ்ட்டு. கட்டைவிரலு, நகம், விரல் சந்து... மறுபடியும் சோப்பு போடு.”

“ஏம்மா, மாப்பிள்ளைக்கு நலங்கு வெக்கிற மாதிரி இவ்ளோ தேய்க்கச் சொல்றியே!”

“நலங்கு வெக்க ஆளில்லாமதான் இன்னும் வேட்டியில தொடைச்சிக்கினு திரியிற. தேய்.”

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். தெய்வசிகாமணி உள்ளே போனார். அக்கா மட்டும் வாசல்படியோடு நின்றுவிட்டார். அவர் உள்ளே போகக் கூடாது.

பதினைந்து வயதிலிருந்து இருபது வருஷம் உப்பு வாரியவர். உள்ளங்கை முழுக்க வெடிப்பு. அதில் சோப்பு பட்டால் உயிர் போகும். அதனால் தன்னோடு வேலை செய்த பெண்களைப் போலவே, வேலை முடிந்ததும் உப்புப் பாத்தித் தண்ணீரிலேயே கையை அலசிவிட்டுப் போவார். உப்பு எரிச்சல் பழகியிருந்தது. சோப்பு எரிச்சல் பழகவே இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இந்த இல்லத்துக்கு வந்தார். அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. பாத்ரூம் பின்னால் ஒரு பக்கெட்டில் உப்புத் தண்ணீர் கரைத்து வைத்திருந்தார். நர்ஸ் சாமுண்டீஸ்வரி பலமுறை திட்டினார்.

“உப்புல ஊறுன கை சிஸ்டர் இது. கருவாடே கெடாம இருக்குது, என் கையில எந்தப் பூச்சி தங்கும்?”

நர்ஸ் பார்க்கும்போது சோப்பு. பார்க்காதபோது பக்கெட்.

தமிழ்நிலாவுக்கு ஆறு வயது. பேச்சு கிடையாது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் சாப்பாடு. யார் கொஞ்சினாலும் சிரிக்க மாட்டாள். அக்காவின் சொரசொரத்த உள்ளங்கை கன்னத்தில் பட்டால் மட்டும் வாய் கொள்ளாமல் சிரிப்பாள். அக்காவின் சுண்டுவிரலைப் பிடித்தால் விட மாட்டாள்.

போன மழைக்காலத்தில் பக்கத்துக் கட்டில் செந்தமிழுக்கு வயிற்றுப்போக்கு. அக்கா அவனுக்குத் துணி மாற்றினார். பக்கெட்டில் கையை முக்கி எடுத்தார். தமிழ்நிலாவுக்குக் கஞ்சி நேரம். அந்தக் கையாலேயே குழாயின் மூடியைத் திறந்து ஊற்றினார்.

இரண்டு நாளில் அவளுக்கும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல். செந்தமிழ் தேறிவிட்டான். தமிழ்நிலா நான்காம் நாள், பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில், அக்காவின் சுண்டுவிரலைப் பிடித்தபடியே போய்விட்டாள்.

“அவளை அஞ்சு பேர் தொட்டிருக்கோம் அக்கா. உங்க கையிலேர்ந்துதான்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“இல்லைன்னு சொல்ல முடியுமா சிஸ்டர்?”



அக்கா அந்தப் பக்கெட்டைக் கவிழ்த்துக் கொட்டினார். அதற்கப்புறம் சோப்பு போட்டு, ரத்தம் வரும்வரை தேய்த்தார். நர்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

“வெடிப்புக்குள்ள கிருமி குந்திக்கும் அக்கா. தேய்ச்சா இன்னும்தான் கிழியும். மருந்து போடலாம். தோல் முழுசா மூடட்டும். அதுவரைக்கும் உள்ள வராதீங்க, புள்ளைங்களத் தொடாதீங்க.”

“கிளவுஸ் போட்டுக்கினு ஒரே ஒரு தபா?”

“ரத்தம் வர்ற கையோட வேணாங்கா.”

அன்றிலிருந்து அக்காவுக்கு வாசல் வேலை. திங்கட்கிழமை தோறும் நர்ஸ் கையை விரித்துப் பார்ப்பார். இன்றைக்குப் பதினோராவது திங்கட்கிழமை. உள்ளேயிருந்து செந்தமிழ் “சொவ்வீ... சொவ்வீ...” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நாலு வயது. ‘செல்வி’யைத்தான் அப்படிச் சொல்வான்; அவனுக்கு வரும் ஒரே வார்த்தை அதுதான்.

நர்ஸ் விரல் விரலாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் மூடியிருந்தது. வலது கட்டைவிரல் அடியில் மட்டும் ஒரு கீறல், நூல் மாதிரி.

“ஒண்ணே ஒண்ணுதான் அக்கா பாக்கி. அடுத்த வாரம் அவனைத் தூக்கிடலாம்.”

அக்கா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வழவழன்னு ஆயிடுச்சு சிஸ்டர். இப்ப நிலா இருந்தாக்கூட இந்தக் கைக்குச் சிரிக்க மாட்டா.”

உள்ளே மறுபடியும் “சொவ்வீ.” அக்கா வாசல்படிக்கு வெளியிலிருந்தே, “தோ வர்றேன்டா, ஒரே வாரம்டா” என்றார். சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தார். அடுத்த ஆள் வந்துவிட்டார்.

மரக்காணம் பக்கம் போனால் அந்தப் பிள்ளைகளைப் போய்ப் பாருங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் இன்னொரு நாள் போங்கள். அக்கா போதும் என்று சொல்லும்வரை கையைக் கழுவுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில், கை வெடிப்பை மறைத்துக்கொண்டு யாராவது இருந்தால், இதை இன்றைக்கே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.