பாலுசாமி வீட்டுக் கடல்

பாலுசாமிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கே மோட்டார் சத்தம் கேட்டாலும் காது அங்கே போய்விடும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பார். இலையில் ரசம் ஓடிக்கொண்டிருக்கும். மண்டபத்தின் பின்பக்கம் தண்ணீர் ஏற்றும் பம்பு கொஞ்சம் கரகரத்தால் போதும், பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். "பேரிங் போச்சுங்க, உடனே நிறுத்துங்க" என்று சமையல்காரரிடம் போய் நிற்பார். மனைவி மாரியாத்தாளுக்கு மானம் போகும். "ஏனுங்க, நாம மொய் வெக்க வந்தமா, மோட்டாரு பாக்க வந்தமா?" என்று தலையைக் குனிந்தபடி கேட்பாள்.

காங்கேயம் பக்கத்து வானம் பார்த்த பூமியில் பிறந்தவர். அப்பாவுக்குக் கிணறு இருந்தது, கிணற்றில் தண்ணீர்தான் இல்லை. படிப்பைப் பாதியில் விட்டு, கோயமுத்தூருக்குப் பஸ் ஏறி, ஆவாரம்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனியில் அரம் தேய்க்கச் சேர்ந்தார். இன்றைக்கு அதே வட்டாரத்தில் சொந்தமாக ஒரு ஷெட், சில லேத்துகள், தலை நரைத்த இரண்டு மூன்று வேலைக்காரர்கள். அவர் செய்த பம்புகள் காங்கேயத்துத் தென்னந்தோப்பிலும் மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோப்பிலும் ஓடுகின்றன. "தண்ணின்னு ஒண்ணு இருந்தாப் போதும், எம்பட பம்பு ஓடும்" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. இந்தப் பெருமையை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பிறகு வினையாக வந்து நின்றது இதுதான்.

பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தை இம்பெல்லர் என்பார்கள். பாலுசாமிக்கு அதைக் கன்மெட்டல் என்கிற கலப்பு உலோகத்தில் வார்த்துக் கொடுத்தவர் கிருபாசங்கர். கணபதி என்கிற பகுதிக்கு அந்தப் பக்கம் உலோகத்தை உருக்கி வார்க்கும் சின்ன பவுண்டரி ஒன்று வைத்திருந்தார். பாலுசாமியைவிடப் பத்து வயது இளையவர், அதிராமல் பேசுகிறவர். வார்ப்பில் ஒரு குண்டூசிப் புள்ளி இருந்தாலும் திரும்ப உருக்கிவிடுவார். இருவருக்கும் தொழில் பேச்சில் தொடங்கிய பழக்கம், கல்யாணம், காதுகுத்து, இழவு என்று எல்லாவற்றுக்கும் ஒன்றாகப் போய்வருகிற உறவாகிவிட்டது.

போன வருஷம் அந்தப் பவுண்டரி மூடப்பட்டது. ஆர்டர் குறைந்தது, கரண்டு பில் ஏறியது, வாங்கிய கடன் கழுத்தைப் பிடித்தது. கோயமுத்தூரில் இது புதுக் கதை இல்லை. உலை அணைந்த பிறகு கட்டடத்தில் இருந்ததையெல்லாம் மொத்தமாகப் பங்காரு என்கிற பழைய இரும்பு வியாபாரி எடுத்துக்கொண்டார். லாரியில் ஏற்றுகிற நாளில் துணைக்கு இருக்கட்டும் என்று பாலுசாமி போனார்.

ஆபீஸ் அறையில் ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. கோயமுத்தூர்க்காரன் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ரயில் ஏற வேண்டும். கிருபாசங்கர் கடலுப்பு வாங்கிக் கரைத்து, பாறை வைத்து, மீன் விட்டு, ஆபீஸிலேயே ஒரு கடலை வளர்த்துவந்தார். நல்ல நாளில் அந்தத் தொட்டி திருவிழா மாதிரி இருக்கும். இப்போது கண்ணாடி முழுக்கப் பாசி. தண்ணீர் ஒரு சாண் வற்றி, விளிம்பில் உப்பு பொரிந்திருந்தது. உள்ளே இருந்த சிறு பம்பு முனகிக்கொண்டிருந்தது. பாலுசாமியின் காது முதலில் அங்கேதான் போனது. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரே ஒரு கோமாளி மீன். அது ஒரு பாறை இடுக்கை விட்டு நகரவில்லை. இடுக்கில் எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கிப்போன ஏதோ ஒன்று.

"கடல் சாமந்திங்ணா. பூவு இல்ல, உசுரு" என்றார் கிருபாசங்கர். "ரெண்டு கை அகலத்துக்கு விரிஞ்சு கெடந்துது. நான்தான் பாக்காம விட்டுப்போட்டேன்."

பங்காருவின் ஆட்கள் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கண்ணாடியை மட்டும் எடுத்துப்போக வாளியோடு வந்தார்கள். கிருபாசங்கர் அவர்களைத் தடுக்கவில்லை. பாலுசாமியின் பக்கம் திரும்பி, "முடிஞ்சா நீங்க எடுத்துட்டுப் போயிருங்ணா. இதாவது பொழைக்கட்டும்" என்றார். பாலுசாமி அந்த இடத்திலேயே பங்காருவிடம் பேசித் தொட்டியைத் தனக்கு வாங்கிக்கொண்டார்.

கிருபாசங்கர் பைக்கைக் கிளப்பினார். "போறேனுங்ணா" என்றார். போய்விட்டார்.

இந்தப் பக்கத்தில் யாரும் போறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. முக்குக் கடைக்குப் பால் வாங்கப் போகிறவர்கூட "வாரேனுங்க" என்றுதான் படி இறங்குவார். குழந்தை வாய் தவறிச் சொன்னால்கூட "போயிட்டு வாரேன்னு சொல்லு" என்று அதட்டுவார்கள். அன்றைக்குக் கிருபாசங்கர் வாய் தவறியதாகத் தெரியவில்லை. அந்த ஒரு சொல் பாலுசாமியின் நெஞ்சில் மீன்முள்ளாக மாட்டிக்கொண்டது. இந்தத் தொட்டி செத்தால் அந்த மனிதரும் ஏதாவது செய்துகொள்வார் என்று அவருக்குள் ஒரு பயம் புகுந்தது. அர்த்தமில்லாத பயம் என்று தன்னையே திட்டிப் பார்த்தார். பயம் போகவில்லை.

தொட்டி வீட்டுக்கு வந்தது. பழைய தண்ணீரைக் கேன்களில் பிடித்து, பாறைகளை ஈரச் சாக்கில் சுற்றி, மீனை வாளியில் வைத்து டெம்போவில் கொண்டுவந்தார்கள். முன்னறையில் வைத்ததும் வீடு முழுக்கக் கருவாட்டு நாற்றம். மாரியாத்தாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இத்தன அழுக்குத் தண்ணிய எதுக்குங்க சொமந்துட்டு வந்தீங்க? நம்ம கொழாயில வர்ற சிறுவாணித் தண்ணிய ஊத்துனா எந்த உசுரும் பொழைக்குமே!"

நல்லவேளை, பாலுசாமி ஊற்றுவதற்கு முன் உக்கடத்தில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கும் இல்மாவிடம் போய்க் கேட்டார். அந்தப் பெண் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் ஆகாது என்றாள். பாறையைத் தேய்த்துக் கழுவினால் அதில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் போய்விடும், தண்ணீர் கெட்டுவிடும் என்றாள். "கொஞ்சங் கொஞ்சமாத்தான் மாத்தணும் அங்கிள். அவசரப்பட்டா எல்லாம் போயிரும்."

அவசரப்படாமல் இருப்பது பாலுசாமியின் ஜாதகத்திலேயே இல்லை. ஆனாலும் இருந்தார். காலையில் ஷெட்டுக்குப் போகுமுன் தொட்டி முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைப்பார். உப்பைக் கரைத்து வைத்து, பழைய தண்ணீரை ஒரு வாளி எடுத்து, புதியதை ஒரு வாளி ஊற்றுவார். வாரங்கள் போயின. நாற்றம் போனது. ஒருநாள் பாறையின் பின்னாலிருந்து ஒரு சிவப்பு இறால் வெளியே வந்து மீசையை ஆட்டியது. இது ஒன்று உயிரோடிருப்பதே யாருக்கும் தெரியாது. இன்னொரு நாள் கடல் சாமந்தி தன் இதழ் போன்ற விரல்களை மெல்ல நீட்டியது. கோமாளி மீன் அதற்குள் புகுந்து புரண்டதைப் பார்த்து மாரியாத்தாள், "அடக் கண்ணுகளா" என்று வாயைப் பிளந்தாள். அன்றிலிருந்து நாற்றத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

பாலுசாமி தினமும் ஒரு போட்டோ எடுத்துக் கிருபாசங்கரின் மனைவி சண்முகப்பிரியாவுக்கு அனுப்புவார். கிருபாசங்கர் யார் போனையும் எடுப்பதில்லை. தாடி வளர்த்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறார் என்று அவள் சொல்லியிருந்தாள். இறால் படம் போன அன்று அவளே கூப்பிட்டாள்.

"ஏனுங்ணா, இன்னிக்கு அவரா போன வாங்கிப் பாத்தாருங்க. எறா இன்னும் இருக்குதான்னு கேட்டாருங்க. அவரா ஒரு வார்த்த கேட்டு எத்தன நாளாச்சு தெரியுங்களா?" பாலுசாமிக்குக் கண் நிறைந்தது.

இங்கேதான் அவருக்குத் தலைகால் புரியாமல் போனது. தொட்டியின் பழைய பிளாஸ்டிக் பம்பு முனகுவதை அவரால் தாங்க முடியவில்லை. புதியது சென்னையிலிருந்து வர வேண்டும், பொறுங்கள் என்றாள் இல்மா. ஆவாரம்பாளையத்துக்காரன் பம்புக்காகச் சென்னையைப் பார்த்துக் காத்திருப்பதா? ஷெட்டில் கிருபாசங்கர் கடைசியாக வார்த்துக் கொடுத்த இம்பெல்லர்கள் ஒரு பெட்டியில் கிடந்தன. அதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்துக் கடைந்து, மோட்டாரைத் தொட்டிக்கு வெளியே வைத்து, இரண்டு நாளில் பம்பு செய்துவிட்டார். சத்தமே இல்லை. தண்ணீர் வாய்க்காலில் ஓடுவது போல ஓடியது. அவர் சண்முகப்பிரியாவிடம் "ஞாயித்துக்கெழம தம்பியக் கூட்டிட்டு வா அம்மணி. ஒண்ணு காட்டணும்" என்றார். உங்கள் உலை அணைந்தாலும் உங்கள் வார்ப்புதான் இந்தக் கடலை ஓட்டுகிறது என்று கிருபாசங்கரிடம் சொல்ல வேண்டும். மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். வருகிறேன் என்று கிருபாசங்கர் தலையசைத்ததாகச் செய்தி வந்தது.

வெள்ளிக்கிழமை இறால் செத்து மிதந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. சனிக்கிழமை கடல் சாமந்தி வாயைப் பிளந்து, விரல்கள் சோர்ந்து, பழையபடி சுருங்கத் தொடங்கியது. மீனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. பாலுசாமி உக்கடத்துக்கு ஓடினார்.

இல்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செம்பு, பித்தளைன்னு ஏதாச்சும் தண்ணியில பட்டுதா அங்கிள்?" என்றாள்.

பாலுசாமி கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டார். கன்மெட்டலில் முக்கால்வாசிக்கும் மேல் செம்புதான். அது அவருக்குத் தெரியாததா? உப்புத் தண்ணீரில் செம்பு கரையும் என்பதும் தெரியும். கரைந்த செம்பு மீனை விட்டுவிட்டு மற்ற உயிர்களைக் கொல்லும் என்பதுதான் தெரியாது. இனித் தெரிந்து என்ன!

வீட்டுக்கு வந்து பம்பைக் கழற்றித் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கொன்றது தன் அவசரம். ஆனால் கிருபாசங்கர் அப்படிப் பார்க்க மாட்டார். கடைசியாக மிஞ்சியதையும் என் வார்ப்பே கொன்றது என்றுதான் எடுத்துக்கொள்வார். அதற்கப்புறம் அவர் என்ன செய்வார்? பாலுசாமிக்குச் சோறு இறங்கவில்லை.

"காய்ச்சல்னு சொல்லி வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க" என்றாள் மாரியாத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலுசாமி போன் செய்தார். "அவரு அப்பவே வண்டி எடுத்துட்டாருங்ணா, தனியாவே கெளம்பிட்டாரு" என்றாள் சண்முகப்பிரியா. அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் அவரை இன்னும் கொன்றது.

கிருபாசங்கர் வந்தார். சட்டை தோளில் தொங்கியது. "வாங்க தம்பி" என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தொட்டி முன்னால் போய் நின்றார்.

"கரண்டு போயிருச்சுங்க தம்பி. நான் கவனிக்காம விட்டுப்போட்டேன்" என்றார் பாலுசாமி. அவருக்குப் பொய் சொல்ல வராது. காது சிவந்துவிடும்.

கிருபாசங்கர் குனிந்து, பம்பிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்த வெள்ளைக் குழாயின் வாயை விரலால் தடவினார். அங்கே பச்சையாக ஒரு கறை. வாழ்நாளெல்லாம் செம்பை உருக்கியவருக்கு அந்தப் பச்சை எதுவென்று சொல்ல வேண்டியதில்லை.

"பம்பு எங்கீங்ணா?"

மாரியாத்தாள்தான் உள்ளே போய்த் துணி மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். கிருபாசங்கர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கி, பம்பைப் பிரித்தார். இம்பெல்லரை வெளியே எடுத்தார். அதன் அடியில் அவருடைய பவுண்டரியின் முத்திரை.

"எம்பட பீஸுங்களா?"

"தம்பி, உங்க வார்ப்பு மேல ஒரு தப்பும் இல்லீங்க. போடக் கூடாத எடத்துல போட்டவன் நானு. உங்களுக்குக் காட்டோணும்னு ஆசப்பட்டுக் கெடுத்துப்போட்டேன்." பாலுசாமி வாய்விட்டு அழுதுவிட்டார். அந்த வீட்டில் யாரும் அவர் அழுது பார்த்ததில்லை.

கிருபாசங்கர் இம்பெல்லரைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. "இத எனக்குக் காட்டத்தான் வரச் சொன்னீங்களா?" என்றார். பாலுசாமி ஆமாம் என்று தலையாட்டினார்.

தொட்டிக்குள் அந்தக் கோமாளி மீன் சுருங்கிக் கிடந்த சாமந்தியின் மேல் நின்று, துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய தொட்டியில் அதற்கு வேறு இடமே இல்லை போலும். கிருபாசங்கர் அதையே பார்த்தார். பிறகு இம்பெல்லரைத் துணியில் வைத்துவிட்டு எழுந்து சட்டைக்கையை மடித்தார்.

"உப்புக் கரைச்சு வெச்சிருக்கீங்களா? வாளி கொண்டாங்ணா."

மதியம் முழுக்க இருவரும் தண்ணீர் மாற்றினார்கள். மாரியாத்தாள் கொடுத்த சோற்றைக் கிருபாசங்கர் நின்றபடியே சாப்பிட்டார். பழைய பிளாஸ்டிக் பம்பு மறுபடியும் முனகத் தொடங்கியது. சாமந்தி விரியவில்லை. பிழைக்குமா என்று பாலுசாமி கேட்டார். "சொல்ல முடியாதுங்ணா" என்றார் கிருபாசங்கர்.

வெயில் சாய்ந்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். பாலுசாமி கேட் வரைக்கும் கூடவே போனார். வாயைத் திறந்து எதையும் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. கிருபாசங்கர் ஹெல்மெட்டை மாட்டினார், பைக்கை உதைத்தார், ஏதோ சொன்னார். வண்டி திரும்பித் தெருமுனையில் மறைந்தது.

பாலுசாமி கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். மாரியாத்தாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, என்ன சொல்லிட்டுப் போனாரு?"

"செம்ப உறிஞ்சற பையி ஒண்ணு இருக்குதாமா. நாளைக்கு உக்கடத்துல அத வாங்கிட்டு வாரேன்னாரு" என்றார் பாலுசாமி. சொன்னது அவளுக்குக் கேட்டதோ இல்லையோ என்று இன்னொரு முறையும் சொன்னார். "வாரேன்னாரு, மாரியாத்தா."