கோலுக்குச் செருப்பு

புத்தூர்ப் பக்கத்து மலைப்பாதையில் குழி அடைப்பது தாட்சாயணியின் கூலிவேலை. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து மலையேற வருகிறவர்கள் கையில் கூர்முனைக் கோல்கள் இருக்கும். அவை குத்திய துளைகளில் மழைநீர் இறங்கும். துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பாதையின் விளிம்பு வெந்த கிழங்கின் தோல் போல உரிந்து பள்ளத்தில் விழும். அவள் மண்ணை நனைத்துத் திணித்து, மிதித்துக் கெட்டிப்படுத்துவாள்.

"அந்தக் குச்சிங்கள புடுங்கி அடுப்புல வெக்கணும்," என்பாள் வீட்டுக்கு வந்து.

அவள் கணவர் மோகன்ராஜ் தன் கோலைக் கதவு மூலைக்குத் தள்ளிவைப்பார். கரும்பு லாரியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தபின் இடதுகாலை இழுத்துத்தான் நடக்கிறார்; அவருக்கும் ஒரு கோல்தான் துணை. இரும்புப் பூண் போட்ட மூங்கில். ஆடியில் மலைமேல் சுனைக்கரைக் கன்னிமாருக்கு முதல் பொங்கல் பானை வைப்பது அவர் வீட்டு முறை. போன வருஷம் இவரால் ஏற முடியாமல் பங்காளி வைத்தார். இந்த வருஷமும் பங்காளியே வைக்கட்டும் என்று தாட்சாயணி சொல்லிவிட்டிருந்தாள்.

ஒரு புதன்கிழமை, கன்னிமார் கல்லுக்குப் பிரியும் கிளைப்பாதையில் புதுத் துளைகள். திங்களன்றுதான் அடைத்திருந்தாள்.

"வாரநாள்ல எவன் வந்தான்?"

திட்டிக்கொண்டே குனிந்தாள். துளைகள் வலப்பக்கம் மட்டும் இருந்தன. பக்கத்தில் வெறுங்கால் தடம். இடதுகால் மண்ணை இழுத்துக்கொண்டு போயிருந்தது. செருப்பில்லாமல் அந்த மலை ஏறுகிறவர்கள் ஊர்க்காரர்கள்தான்.

தடம் வளைவு வரை போய்த் திரும்பியிருந்தது. கடைசித் துளையில் விளிம்பு பெயர்ந்திருந்தது. கீழே பள்ளம். தாட்சாயணி அந்த இழுபட்ட தடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாள். டீக்கடைக்கு என்று சொல்லித்தான் மோகன்ராஜ் தினமும் கிளம்புகிறார்.

மறுநாள் காலை, அவர் குளித்துவிட்டு வந்தபோது, கோலின் முனையில் பழைய ரப்பர் செருப்பின் குதிகால் துண்டு. சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"இன்னா தாட்சி இது? செருப்போட கன்னிமார்கிட்ட போவ முடியுமா?"

சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"காலுக்குத்தான் கூடாது. கோலுக்கு இன்னா? கல்லு தெரிஞ்சதும் கயட்டிடு."

"உனுக்கு எப்படித் தெரியும்?"

"வழியெல்லாம் குத்தி வச்சிருக்கியே மாமா. அடைக்கிறது யாரு?"

அவர் சிரித்தார். பிறகு, "வளைவத் தாண்ட முடியலடி," என்றார்.

"சரிவுப் பக்கம் நான் வரேன். அங்க என் தோளப் புடிச்சிக்க."

ஆடி வெள்ளியன்று பானை அவள் இடுப்பில் இருந்தது. வளைவு தாண்டி, கல் தெரிந்ததும் அவர் நின்றார். கோலின் செருப்பைக் கழற்றி ஒரு புதரடியில் வைத்தார். கோலையும் அங்கேயே சாய்த்துவிட்டு, அவள் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார்.