நுரை ஏறாத வில்லைகள்: திட்டக்குடியிலிருந்து விருத்தாசலத்துக்கு ஒரு பகல்

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறேமுக்காலுக்கு என் மகள் செல்வி ஃபோன் செய்தாள். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் சூளையை வாடகைக்கு எடுத்து, தண்ணீர் வடிகட்டும் மண் வில்லைகள் சுடுகிறாள். களிமண்ணில் உமி கலந்து சுட்டால், உமி எரிந்து, அது இருந்த இடமெல்லாம் பொடித்துளைகளாக நிற்கும்.

"நேத்து எடுத்துப் பாத்ததுல ஒண்ணுகூட பாஸாகலப்பா. பதினோரு மணிக்கு எல்லாத்தையும் ஒடைக்கச் சொல்லிட்டாங்க, வாங்கறவங்க."

கழித்த சரக்கைச் செய்தவரே தன் கையால் உடைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். நாற்பத்தெட்டு வில்லைகள், ஐந்து மாத உழைப்பு. இதுவும் போனால் அவள் சூளையை விட்டுவிட வேண்டியதுதான். கிளம்பிவிட்டேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல செல்விதான் இதைத் தட்டச்சு செய்கிறாள். போகிறவர்களுக்காகக் கணக்கு: திட்டக்குடியில் பஸ் 7.40, சீட்டு இருபத்தெட்டு ரூபாய், கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர், இறங்கும்போது 8.50. பேட்டைக்கு ஆட்டோக்காரர் எண்பது கேட்டார், அறுபதுக்கு வந்தார்.

"பெரியவரே, டீ கப்பு வாங்கப் போறீங்களா?"

"ஒடைக்கறதை நிறுத்தப் போறேன். வேகமா வுடு."

கொட்டகையில் வாங்குகிறவர்களின் ஆள் ஒருவர் உளுந்து வடை தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வில்லையைச் சோதிக்கிற கைப்பம்பு. அடியிலிருந்து சோப்பு நுரையைத் தள்ளினால் வில்லையின் மேல்பக்கம் முழுக்க ஒரே சீராகப் பூக்க வேண்டும். ஒரே இடத்தில் பீறிட்டால் விரிசல். வராவிட்டால் துளை அடைப்பு.

"அடைச்சிருக்குது பெரியவரே. பேசிப் புண்ணியமில்ல" என்று சொல்லி, சுத்தியலைச் செல்வி முன்னால் வைத்தார்.

நான் அதை எடுத்து என் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டேன்.

"யோவ், அது எங்க சுத்தியலு!"

"இருக்கட்டும். மொதல்ல வில்லைய நனைங்க."

முப்பத்துநாலு வருடம் இதே பேட்டையில் சுட்ட கோப்பைகளைப் பூச்சுத் தொட்டியில் முக்கியவன் நான். காய்ந்த சுட்ட மண் நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு தாகம். நுரை என்பது தண்ணீர்த் தோல். காய்ந்த துளை அந்தத் தோலைக் குடித்துவிடும், குமிழி செத்துவிடும். வில்லை ஈரமாக இருந்தால் நுரை முதலில் பெரிய துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் வருகிற நுரைக்கு அங்கே வழி கிடைக்காது. சின்னத் துளைகளைத் தேடிப் போகும். அதனால் நின்று நின்றுதான் நகரும். நின்றதைப் பார்த்து அடைப்பு என்று சொல்லக் கூடாது.

அரை மணி நேரம் வாளியில் ஊறவைத்தோம். பம்பை அழுத்தினார். நடுவில் நுரை பூத்தது, ஓரத்தில் மட்டும் வரவில்லை.

"இப்ப என்ன சொல்றீங்க?"

ஓரத்தில் ஐந்து விரல் தடம் பளபளவென்று இருந்தது.

"தம்பி, உன் கைய மோந்து பாரு."

செல்வி சிரித்துவிட்டாள். எண்ணெய் பட்ட இடத்தில் நுரை நிற்காது. குழம்புச் சட்டி கழுவுகிற யாருக்கும் இது தெரியும்.

"வடைய தின்னது நீ. ஒதை வில்லைக்கா?"

கை கழுவிவிட்டு வந்தார். ஊறின இன்னொரு வில்லையை வைத்தார். ஒன்றும் வரவில்லை. பம்பை விடப் போனார்.

"நிறுத்தாத, அழுத்து!"

சோறு பொங்குகிற மாதிரி வில்லை முழுக்க வெள்ளையாக எழும்பியது. அவர் மீதி வில்லைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் நனைக்கணுமா?"

"எல்லாத்தையும்."

மூன்றரை மணிக்கு முடிந்தது. நாற்பத்தைந்து தேறின. மூன்றில் ஒரே இடத்தில் நுரை பீறிட்டது. அவை நிஜமாகவே விரிசல் விட்டவை. அதை நான் மறுக்கவில்லை. அவற்றை உடைக்கச் சுத்தியல் கேட்டார். "கல்லு கெடக்குது, எடுத்துக்க" என்றேன். செல்வியே கல்லால் உடைத்தாள்.

திரும்ப 4.15 பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அந்தப் பக்கம் சரக்கோடு போகிறவர்கள் ஒரு வாளியும் சோப்பும் கொண்டு போங்கள். காய்ந்த மண்ணை வைத்து யாராவது தீர்ப்புச் சொன்னால் தலையாட்டாதீர்கள், வயதும் படிப்பும் பார்க்காமல் எதிர்த்துக் கேளுங்கள்.

சுத்தியல் என் வீட்டில்தான் இருக்கிறது. அடுத்த சரக்கை நனைக்காமல் கழிக்க நினைக்கிறவர், முதலில் திட்டக்குடிக்கு வந்து என்னிடம் கேட்டுப் பார்க்கட்டும்.