யூ டேக் த கேக்

மகள் படிக்கும் ராஜபாளையம் பள்ளியில் தாய்மாருக்குச் சமையல் போட்டி வைத்தார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். இங்கிலீஷ் பேசும் அம்மாக்கள் முன்னால் தோற்றால் பிள்ளைக்குக் கேவலமாயிருமே என்று மூன்று நாளாகத் தூக்கமில்லை. கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைப் பால்கோவாவை வீட்டு டப்பாவுக்கு மாற்றி, நானே கிண்டியது என்று கொண்டுபோய் வைத்தேன்.

ருசி பார்க்க வந்தவர் இங்கிலீஷ் டீச்சர். ஒல்லி உடம்பு, பெரிய கண்ணாடி. எதை வாயில் வைத்தாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் மெல்லுவார். என் பால்கோவாவைத் தின்றுவிட்டு, "யூ டேக் த கேக்!" என்றார். எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்து, பக்கத்து அம்மா செய்து வைத்திருந்த கேக்கில் ஒரு துண்டை எடுத்தேன்.

"யக்கா, அது என் கேக்கு!" என்றாள் அவள். கூடமே சிரித்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. "அவிய எடுத்தது சரிதான். முன்ன அமெரிக்காவுல ஆடிக்கிட்டே நடக்குற போட்டி வைப்பாகளாம். ஜெயிச்சவுகளுக்குக் கேக்குதான் பரிசாம். அதுல வந்த பேச்சுன்னு சொல்லுவாக. எல்லாரையும் மிஞ்சிட்டாகன்னு அர்த்தம்" என்றார் சத்தமாக.

பிறகு என் காதருகே குனிந்தார். "எனக்குச் சொந்த ஊரே ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். அந்தக் கடைப் பால்கோவா தின்னுதான் வளந்தேன். துணிஞ்சு புளுகுறவுகளையும் இதே வார்த்தையிலதான் சொல்லுவாக."

கையிலிருந்த துண்டை வைக்கவும் முடியவில்லை, தின்னவும் முடியவில்லை.

இன்றும் பள்ளி வாசலில் என்னைக் கண்டால் அவர் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார். என்னைப் பார்க்க வேண்டாம் என்றா, நான் தலைகுனிவதைப் பார்க்க வேண்டாம் என்றா, தெரியவில்லை.