நெயில் பாலிஷ் பூசிய பல்பு

இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. என் கூடப்பிறந்த தங்கைக்கு நடந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலேயே பொய்யைத் தொடங்குமுன் காது சிவந்துவிடும். இதை அவள் என்னிடம் சொன்னபோது நான் வாயைப் பார்க்கவில்லை, காதைத்தான் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. நம்புகிறவர்கள் நம்புங்கள். ஆனால் விளக்கை அணைத்துவிட்டு மட்டும் படிக்காதீர்கள்.

தங்கையின் மாமியாருக்குப் பக்கவாதம். வலது பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் மிச்சம். அவருக்குக் கட்டில் பின்னறையில். தங்கையும் அவள் வீட்டுக்காரரும் படுப்பது முன்னறையில். நடுவில் நீளமான நடை. குரல் இல்லாத மனுஷி யாரை எப்படிக் கூப்பிடுவார்?

தங்கை வீட்டுக்காரர் அதற்கு ஒரு வழி செய்தார். அவரைத் தெருவில் எல்லோரும் 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே கரண்ட் மீட்டரைப் பார்க்கிற மனிதர். முன்னறையில், தங்கை தலைமாட்டுக்கு நேர் மேலே ஒரு பல்பு மாட்டினார். அங்கிருந்து நடை வழியாக ஒயர் இழுத்து, ஒரு அழுத்து சுவிட்சைத் தன் அம்மாவின் இடது கைக்குப் பக்கத்தில் கட்டிலோடு கட்டிவிட்டார். அழுத்தினால் எரியும், விட்டால் அணையும். வெள்ளை வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று தங்கையின் நெயில் பாலிஷ் ஒரு பாட்டிலையே அந்தப் பல்பில் காலி செய்தார். செக்கச் சிவப்பு.

"என் நகத்துக்குப் பூசக்கூட இவ்வளவு வாங்கித் தந்ததில்ல" என்றாள் தங்கை.

ஒருமுறை எரிந்தால் தண்ணீர். இரண்டுமுறை எரிந்தால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விடாமல் மினுக்கினால்... போட்டது போட்டபடி ஓடி வர வேண்டும்.

மூன்று வருஷம். எவ்வளவு அசந்து தூங்கினாலும், மூடிய இமைமேல் அந்தச் சிவப்புப் பட்டால் தங்கை எழுந்துவிடுவாள். அவள் வாய் 'அத்தை, வந்துட்டேன்' என்று சொல்லும். அதற்கப்புறம்தான் கண்ணே திறக்கும்.

ஒரு நாள் ராத்திரி பல்பு எரியவே இல்லை. தங்கை விடியும்வரை தூங்கிவிட்டாள். பதறிப் போய்ப் பார்த்தால் மாமியார் ஜில்லிட்டுக் கிடந்தார். கையில் சுவிட்ச்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். "ஒரு தடவைகூடக் கூப்பிடலையே. அப்படின்னா தூக்கத்துலயே போயிட்டாங்க. புண்ணியவதி." தங்கை அந்த வார்த்தையைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சோறு இறங்கியது அதனால். தூக்கம் வந்தது அதனால். அத்தை கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நான் போயிருப்பேன்.

சில மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீட்டர் ஒரு பெட்டி நிறைய எல்.இ.டி. பல்புகளோடு வந்தார். கரண்ட் மிச்சமாம். ஸ்டூலைப் போட்டு ஏறி, வீடு முழுக்கப் பழைய குண்டு பல்புகளைக் கழற்றினார். தங்கை கீழே நின்று ஒவ்வொன்றாக வாங்கிப் பெட்டியில் வைத்தாள்.

"இன்னும் எரியுற பல்பை எதுக்குக் கழட்டுறீங்க? அதுவா போகட்டுமே."

"அது எப்ப போகும்னு யாருக்குத் தெரியும்? பல்பு சும்மா தொங்கும்போது சாகாதுடி. சுவிட்ச் போட்ட அந்த நொடியிலதான் டப்புன்னு போகும். நமக்கு அவசரம்னு தெரிஞ்சுதான் போகும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

முன்னறைச் சிவப்புப் பல்பையும் கழற்றினார். அங்கே எதற்குப் புதுசு என்று தங்கை கேட்டாள். "ஹோல்டர் காலியா இருந்தா பல்லு போன வாய் மாதிரி இருக்கும்" என்று அங்கேயும் ஒரு எல்.இ.டி.யை மாட்டிவிட்டு இறங்கினார். பின்னறையில் கட்டில் கிடையாது, அப்போதே கொடுத்துவிட்டார்கள். சுவிட்ச் மட்டும் ஒயரோடு சுருட்டி ஆணியில் தொங்கியது.

அன்று அவருக்கு அச்சகத்தில் ராத்திரி ஷிப்ட். தங்கை விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

அறை இருட்டவில்லை.

தலைக்கு மேலே அந்தப் புது பல்பு அணைந்தும் அணையாமல் இருந்தது. சாம்பலுக்கு அடியில் கிடக்கிற கங்கு மாதிரி ஒரு மங்கல். புதுசு, அப்படித்தான் இருக்கும்போல என்று திரும்பிப் படுத்துவிட்டாள்.

எப்போது தூங்கினாளோ தெரியாது. இமைமேல் ஒரு வெளிச்சம். ஒருமுறை.

அவள் எழுந்தாள். சமையலறைக்குப் போனாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். நடையைத் தாண்டிப் பின்னறைக்குப் போய், "அத்தை, வந்துட்டேன்" என்று குனிந்து தலையைத் தாங்கக் கை நீட்டினாள்.

கைக்கு எதுவும் அகப்படவில்லை.

காலியான அறை. கையில் தண்ணீர். அப்போதுதான் அவளுக்கு முழு விழிப்பு வந்தது.

மறுநாள் மீட்டர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார். சின்னப் பையன் இல்லை, நாலு பேருக்கு வேலை சொல்கிற ஆள். ஹோல்டரைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார்.

"பயப்படாதீங்கக்கா. பழைய ஒயர்ல துளித்துளியா கரண்ட் கசியும். குண்டு பல்பு பெரும்பசிக்காரன், அந்தத் துளியெல்லாம் அவனுக்குப் பத்தாது, எரிய மாட்டான். இது அப்படி இல்ல. கொஞ்சம் கிடைச்சாலே கண்ணு முழிக்கும்."

"அப்போ... அந்தத் துளி முன்னாடியும் வந்துட்டுத்தான் இருந்துச்சா?"

"எப்பவும் வந்துட்டேதான் இருக்கும்க்கா. காட்டுறதுக்கு ஆள் இல்ல, அவ்வளவுதான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.  போகும்போது பின்னறை ஒயரை அடியோடு வெட்டி, சுவிட்சையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். வெட்டிய முனைக்கு டேப் சுற்றினார். "இனிமே யார் அழுத்துறது?" என்று சிரித்தார்.

மங்கல் போய்விட்டது. நாலைந்து நாள் நிம்மதி.

அப்புறம் ஒரு சாயங்காலம். நல்ல மழை. மீட்டர் அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். ஒரு இடி. தெரு முழுக்கக் கரண்ட் போயிற்று. எதிர் வீட்டில் 'ஓ' என்று கத்துவது கேட்டது. தங்கை மெழுகுவர்த்தி எடுக்க முன்னறைக்குள் போனாள்.

பல்பு எரிந்தது.

ஒருமுறை.

ஃபேன் ஓடவில்லை. பிரிட்ஜ் சத்தம் இல்லை. தெருவே இருட்டு. பல்பு மட்டும்... மறுபடி. இரண்டுமுறை.

"அத்தை..." என்றாள். 

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பின்னறையிலிருந்து. மழைக்கு நடுவிலும் தெளிவாக.

டக்... டக்...

சுவிட்சை அழுத்துகிற சத்தம். சுவிட்ச்தான் அங்கே இல்லையே.

டக். டக். டக். டக்.

பல்பு விடாமல் மினுக்கியது.

போட்டது போட்டபடி ஓடினாள். பயத்தில் இல்லை, பழக்கத்தில். வாசற்படியில் நின்றாள். காலி அறை. சத்தம் தரையில் இல்லை, சுவரிலும் இல்லை. கட்டில் உயரத்தில்... வெறும் காற்றில்... அவள் இடுப்புக்கு நேராக.

டக் டக் டக் டக் டக்.

"என்ன வேணும் அத்தை? தண்ணியா? புரட்டணுமா? மூச்சு முட்டுதா? நான் வந்துட்டேன்... இங்கதான் நிக்கிறேன்..."

சத்தம் நிற்கவில்லை.

எதைத் தூக்குவாள்? யாரைப் புரட்டுவாள்?

காற்றைத் தடவினாள்.

அழுதாள்.

டக்... டக்...

டக்...

...

அவ்வளவுதான். முன்னறையும் இருண்டது.

காலையில் மீட்டர் வந்து பார்த்தபோது அவள் பின்னறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் இந்தமுறை சிரிக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்த எல்.இ.டி.யைக் கழற்றினார்.

"பழசையே மாட்டித் தொலைக்கிறேன். அது இருந்தவரைக்கும் ஒரு தொல்லையும் இல்ல. எடு."

தங்கை பெட்டியிலிருந்து சிவப்புப் பல்பை எடுத்தாள். எடுக்கும்போதே உள்ளே அறுந்த இழை கிணிங் என்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் நகத்தால் நெயில் பாலிஷைச் சுரண்டினாள். கொஞ்சம்தான். கண்ணாடிக்கு உள்ளே கரிப்புகை படிந்திருந்தது. கீழே விழுந்து அறுந்த பல்பு அப்படி இருக்காது. எரியும்போது போன பல்புதான் அப்படி இருக்கும்.

"இது... எரிஞ்சுதே" என்றார் மீட்டர். "அம்மா போன அன்னிக்கு நான் ஷிப்டுக்குக் கிளம்பும்போதுகூடத் தண்ணி கேட்டாங்களே. நான்தானே பார்த்துட்டு உன்னைக் கூப்பிட்டேன். நல்லா எரிஞ்சுதே. அதுக்கப்புறம் இதை யாருமே..."

 அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலில் நின்று தான் சொன்ன வேடிக்கைப் பேச்சு அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. பல்பு சும்மா தொங்கும்போது சாகாது.

அந்த சுவிட்சுக்குப் பக்கத்தில் அன்று ராத்திரி இருந்தது ஒரே ஒரு கைதான்.

முதல் அழுத்திலேயே பல்பு போயிருக்கிறது. அந்த அம்மாளுக்கு அது எப்படித் தெரியும்? முன்னறையில் எரிகிறது, மருமகள் இதோ வந்துவிடுவாள் என்று... எவ்வளவு நேரம் அழுத்தினாரோ.

ஹோல்டர் காலியாகவே இருக்கட்டும் என்றார் மீட்டர். அவர் வேலைக்குப் போனதும் தங்கை தானே ஸ்டூலில் ஏறி, அந்த எல்.இ.டி.யைத் திரும்ப மாட்டிவிட்டாள். உனக்கென்ன பைத்தியமா என்று நான் திட்டினேன்.

"காலியா இருந்தா, கூப்பிட்டா எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள்.

அதன் பிறகு அந்தப் பல்பு ஒருமுறைகூட மினுக்கவில்லை. தங்கை இன்னமும் மல்லாந்துதான் படுக்கிறாள். கண்ணை மூடுவதில்லை.