ஏ முதல் எல் வரை அக்காவுக்கு

வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவளுக்கு அகராதி என்று பட்டப்பெயர் வைத்தவர், மாடிப்படிக்குக் கீழே கடை போட்டிருக்கும் ஜெராக்ஸ்காரர். மெச்சி வைத்தாரா, 'அகராதி பிடித்தவள்' என்று குத்தி வைத்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். இரண்டும் அவளுக்குப் பொருந்தும் என்பதால் அவளும் பேசாமல் இருந்துவிட்டாள். இப்போது பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்ப்பாள்.

எல்லோரும் பேசுகிற இங்கிலீஷ் மேல் அவளுக்கு ஒரு மோகமும் கிடையாது. அது காரியத்துக்கு. ரேஷன் கடைக்கு எடுத்துப் போகிற பை மாதிரி. அவளுக்குப் பிடித்தது பேசுவார் இல்லாத பழைய வார்த்தைகள். வெள்ளைக்காரர்களே பரணில் போட்டு மறந்துவிட்ட வார்த்தைகள். 'யோண்டர்' என்று ஒன்று உண்டாம், 'அதோ அங்கே' என்று அர்த்தம். 'செனைட்' என்றால் ஏழு ராத்திரி. 'ஸ்லபர்டிகலியன்' என்றால் குளிக்காத சோம்பேறி. இந்தக் கடைசி வார்த்தையை ஜெராக்ஸ்காரர் தலையில் அவள் மாதம் இரண்டு முறையாவது போடுவாள். அவரும் ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி வாங்கிக்கொள்வார்.

இந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு சோறு ஆக்க முடியாது, சரி. ஆனால் சிலருக்குப் பூனை, சிலருக்குப் பாக்கு, இவளுக்கு இது. வீட்டுக்காரர் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். இவள் வார்த்தை ஒன்றைச் சொன்னால் ஊசியில் இருந்து கண்ணை எடுக்காமல் 'ம்' என்பார். முப்பது வருஷமாக அதே 'ம்'. கல்லிடம் சொன்னாலாவது எதிரொலி வரும்.

ஆபீசிலும் வழி இல்லை. பத்திரத்தில் அழகான பழைய வார்த்தை ஒன்றை நைசாக நுழைத்தால், கம்ப்யூட்டர் அதன் அடியில் சிவப்பாக நெளிகோடு ஒன்றைப் போட்டுவிடும். கம்ப்யூட்டர் விட்டாலும் பெரிய வக்கீல் விடமாட்டார். பேனாவால் சுழித்துவிட்டு, "அகராதிம்மா, கட்சிக்காரனுக்குப் புரியணும்மா," என்பார்.

இதை எல்லாம் கேட்டு, ரசித்து, பதிலுக்கு இன்னொன்று சொல்ல உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். அவள் அக்கா.

இவர்கள் அப்பா ஒரு பெரிய கம்பெனியில் வாட்ச்மேன். கம்பெனி இடம் மாறிப் போனபோது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு பீரோவை மட்டும் விட்டுவிட்டார்கள். அதன் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடந்தது ஒரு தடித்த இங்கிலீஷ் அகராதி. அப்பாவுக்கு இங்கிலீஷில் கையெழுத்து போடத்தான் தெரியும். ஆனாலும் இவ்வளவு பெரிய புத்தகத்தை இப்படியா மிதிக்க வைப்பது என்று வயிறு எரிந்து, பீரோவுக்குச் செங்கல் வைத்துவிட்டுப் புத்தகத்தைத் தோளில் சுமந்து வந்தார். பீரோவின் கால் அழுந்திய வட்டக் குழி மேலட்டையில் அப்படியே இருந்தது.

இரண்டு பெண்களும் அதன் மேல் தவம் கிடந்தார்கள். மற்ற வீட்டுப் பெண்கள் ரிப்பனுக்குச் சண்டை போட்டால், இவர்கள் யார் முதலில் பக்கம் புரட்டுவது என்று தலைமயிரைப் பிடித்துக்கொண்டார்கள்.

அக்காவுக்குக் கல்யாணமாகித் தூரத்து ஊருக்குப் புறப்பட்ட அன்று சண்டை முற்றியது. 'எனக்குத்தான்', 'எனக்குத்தான்'. மாப்பிள்ளை வாசலில் வண்டியோடு நிற்கிறார். அப்பா புத்தகத்தை எடுத்துக்கொண்டு பைண்டிங் கடைக்குப் போனார். அரை மணியில் இரண்டாக வகிர்ந்து, இரண்டுக்கும் அட்டை போட்டுக் கொண்டு வந்தார். ஏ முதல் எல் வரை மூத்தவளுக்கு. எம் முதல் இசட் வரை இளையவளுக்கு.

"சீதனம் முடிஞ்சுது. போங்க," என்றார்.

வண்டி கிளம்புகிற வரைக்கும் அக்கா தன் பாதியைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு ஜன்னல் வழியாகக் கத்தினாள். "ஏய், ஃபாதர் எங்கிட்டடி!"

"போடி, மதர் எங்கிட்ட! சிஸ்டரும் எங்கிட்டதான்!" என்று இவள் வண்டியோடு ஓடினாள்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். ஊர்க்கதை எல்லாம் போனில். வார்த்தை மட்டும் தபாலில். ஒருத்தி தன் பாதியில் இருந்து ஒரு வார்த்தையை எழுதி அனுப்புவாள், அர்த்தம் எழுதமாட்டாள். வாங்கினவள் வேறு எங்கேயும் தேடக் கூடாது. 'அப்படின்னா என்ன?' என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டுத் தெரிந்துகொண்டால், பதிலுக்குத் தன் பாதியில் இருந்து ஒன்று கொடுக்க வேண்டும், அதை வைத்து ஒரு வாக்கியமும் சொல்ல வேண்டும்.

ஒரு முறை அக்காவிடமிருந்து 'ஏர்யெஸ்டர்டே' வந்தது. முந்தாநாள் என்று அர்த்தமாம். இங்கிலீஷில் முந்தாநாளுக்கு ஒரே வார்த்தை இல்லை, சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தவளுக்குத் தூக்கம் போயிற்று. அப்படியானால் நாளன்னிக்கும் இருக்குமே! தன் பாதியைத் துழாவினாள், இருந்தது. 'ஓவர்மாரோ'. அதை அனுப்பாமல் நல்ல சமயத்துக்கு என்று பத்திரமாக வைத்துக்கொண்டாள். முந்தாநாள் அக்காவிடம், நாளன்னிக்கு இவளிடம் என்று நினைத்து அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்னொரு முறை அக்கா 'ஃபஸ்டிலக்ஸ்' என்று அனுப்பினாள். அர்த்தம் கேட்டால், அழுக்குக் குண்டச்சி என்றாள். ஒரு வாரம் சிரித்தார்கள். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் வினையாயிற்று.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்பா போய்ச் சேர்ந்தார். கடைசி மூன்று மாதமும் அவருக்கு மலம் ஜலம் எடுத்தவள் இளையவள். அக்காவின் மகளுக்கு அப்போது ஆபரேஷன். அவளால் நகர முடியவில்லை. எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் பையும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். இவளுக்கும் காரணம் தெரியும். தெரிந்து என்ன? ஆத்திரத்துக்குக் கண் ஏது? உள்ளே திரும்பி, எல்லோர் காதிலும் விழும்படி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"விருந்தாளி வந்திருக்காங்க, தண்ணி குடுங்க."

கூடப் பிறந்தவளை விருந்தாளி என்றாள். அறைந்திருந்தால்கூட ஆறியிருக்கும். அக்கா அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. விடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு கவர் வந்தது. 'அன்புள்ள' இல்லை, 'இப்படிக்கு' இல்லை. முழுத் தாளில் ஒரே ஒரு வார்த்தை. டெசிடீரியம்.

இவள் என்ன நினைத்தாள்? ஃபஸ்டிலக்ஸுக்கும் அக்கா, அதைவிடப் பெரிய திட்டு என்று நினைத்தாள். விளையாட்டுக்கே அப்படித் திட்டினவள் கோபத்தில் எதைத் தேடி எடுத்திருப்பாள்? கேட்டால்தானே அர்த்தம், கேட்காவிட்டால் திட்டு என் மேல் ஒட்டாது என்று கவரைத் தன் பாதியின் முதல் பக்கத்தில், எம் தொடங்குகிற இடத்தில், வைத்து மூடினாள். அவளும் கூப்பிடவில்லை, இவளும் கூப்பிடவில்லை. வீம்புக்கு வீம்பு. இரண்டும் ஒரே தாய் வயிற்றுச் சரக்கு.

போனில் தட்டினால் ஒரு நொடியில் அர்த்தம் வந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தட்டவில்லை. அது அக்கா வாயால் வர வேண்டிய அர்த்தம். திட்டாகவே இருந்தாலும் அக்கா வாயால் வரட்டும்.

ஆனால் சாயங்காலம் ஆபீஸ் காலியாகி, ஜன்னலில் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அந்தப் பாதிப் புத்தகத்தை மேஜை இழுப்பறையில் இருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அந்த நேரத்துக்கு ஒரு பழைய வார்த்தை உண்டு, அக்கா சொல்லியிருக்கிறாள், ஜி-யில் வரும். என்ன அது? நாக்கு நுனியில் நிற்கும், வராது. அது அக்கா பாதியில் இருக்கிறது. அக்கா பாதியில் இன்னும் எவ்வளவு இருக்கிறது! இவள் பாதியோ தலை இல்லாமல் எம்மில் தொடங்குகிறது.

இந்த வருஷம், அப்பா இறந்த தேதியன்று காலையில், வழக்கம்போலக் கவரைப் பிரித்துத் தாளை எதிரே வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பெரிய வக்கீல் உள்ளே இருந்து கத்தினார். "அகராதிம்மா, அந்த நிலத் தகராறு கட்டு எங்க? மதியத்துக்குள்ள தாக்கல் பண்ணணும்!" பதறி மேஜையில் கிடந்த காகிதத்தை எல்லாம் வாரிக்கொண்டு கீழே ஓடினாள்.

ஜெராக்ஸ்காரருக்கு ஒரு கொள்கை உண்டு. கொடுத்ததை அடிப்பார், வரிசையாகப் பக்க எண் முத்திரை குத்துவார், தைப்பார். வேலை நடக்கும்போது ஒரு எழுத்தைக்கூடப் படிக்கமாட்டார். "அடுத்தவன் காகிதத்தைப் படிச்சா கை நடுங்கும்," என்பார். அப்படி நான்கு கட்டு தயாராயிற்று.

ஒரு மணிக்கு வக்கீல் கூப்பிட்டார். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்.

"நாப்பத்தேழாம் பக்கம் என்னம்மா இது? ஒரே ஒரு வார்த்தை. எதிர்த்தரப்புக்கும் ஒரு கட்டு போயிடுச்சு."

அவள் கட்டை இழுத்துப் பார்த்தாள். அக்காவின் கையெழுத்து, நகலாக, முத்திரை குத்தி, நடுவில் துளை போட்டுத் தைத்துக் கிடந்தது.

"லத்தீன் மாதிரி இருக்கு. சட்டத்துல ஏதாவது பாயிண்டா? எனக்கே தெரியலையே," என்று அவர் போனை எடுத்தார்.

"பாக்காதீங்க சார்!"

பதினெட்டு வருஷத்தில் அவள் அவரிடம் குரல் உயர்த்தினது அன்றுதான். அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். பயந்துவிட்டார் என்றே சொல்லலாம்.

மூலத் தாளைத் தேடிக் கீழே ஓடினாள். ஜெராக்ஸ்காரர் அதைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். கையில் அவருடைய போன் வெளிச்சமாக இருந்தது. கொள்கை உடைந்துவிட்டது என்று பார்த்ததும் தெரிந்தது.

"அகராதிக்கா, கோவிச்சுக்காதீங்க. மெஷின் கண்ணாடியிலயே கிடந்துச்சு. ஒத்தை வார்த்தையா இருந்துச்சா, படிக்காம இருக்க முடியல. உங்க கூடச் சேந்து எனக்கும் இந்த வியாதி. தட்டிப் பாத்துட்டேன்."

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நடுக்கடையில், ஐந்தாறு பேர் வரிசையில் நிற்க, ஐம்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"சொல்லாதே! ஸ்லபர்டிகலியன், வாயைத் திறந்தே கொன்னுடுவேன்!"

அவர் இரண்டு கையையும் தூக்கினார். கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். அவள் கை தளர்ந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"இது யாரோ உங்களைத் திட்டினதுன்னா நினைச்சுட்டிருக்கீங்க?"

"திட்டுதானே?"

"அர்த்தம் சொல்ல மாட்டேன்க்கா. சத்தியமா. ஆனா திட்டு இல்ல."

அவள் தாளை வாங்கினாள். நன்றிகூடச் சொல்லவில்லை. படியேறி, பாதி வழியில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். திட்டு இல்லை. அப்படியானால் பதினோரு வருஷமாக அங்கே ஒருத்தி, கேட்பாள், கேட்பாள் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நம்பர் விரலுக்கே மனப்பாடம். மணி அடித்தது. எடுத்த பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"யாரு?"

"நான்தான்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"டெசிடீரியம்னா என்னக்கா?"

அக்காவின் குரல், வயதான குரல். "இப்பத்தான் வந்து சேந்துச்சா தபால்?"

"ம். கொஞ்சம் லேட்டு."

"பதினோரு வருஷம். தபால்காரன் என்ன, தவழ்ந்தா வந்தான்?"

"அவன் மேல தப்பில்ல. வாசக்கதவு சாத்தியிருந்துச்சு."

"இரு. புஸ்தகத்தை எடுத்துட்டு வர்றேன். வச்சிடாதே."

"வைக்கல. நீ மெதுவா போ."

செருப்பு தேய்கிற சத்தம். ஏதோ கதவு. பிறகு பக்கம் புரள்கிற சத்தம். அந்தச் சத்தத்தை இவள் எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள். அவ்வளவு மெல்லிய தாள் வேறு புத்தகத்தில் கிடையாது. அக்கா கண்ணாடியைத் தேடினாள், கிடைக்கவில்லை, திட்டினாள், கிடைத்தது.

"ஆங். கேளு. முன்னாடி கைல இருந்து, இப்ப இல்லாம போயிட்ட ஒண்ணுக்காக மனசு கிடந்து அடிச்சிக்கிறது."

இவள் தாளை மடித்தாள், பிரித்தாள்.

"அப்பாவையா எழுதினே?"

"அப்பாவையும்தான்."

படியில் யாரோ ஏறி வந்தார்கள். ஒதுங்கி வழி விட்டாள்.

"விருந்தாளின்னு சொன்னேன்ல," என்றாள் இவள்.

"சொன்னே. தண்ணியும் குடுக்கச் சொன்னே. அதையாவது குடிச்சிருக்கலாம். எட்டு மணி நேரம் பஸ்ல வந்தவ, நாக்கு ஒட்டிக்கிச்சு. வீம்புல விட்டுட்டேன்."

இதற்குச் சிரிப்பதா அழுவதா? இரண்டும் ஒன்றாக வந்தது.

"சரி, மூக்கைச் சிந்து," என்றாள் அக்கா. "வாங்கினா குடுக்கணும். உன் பங்கு எங்கடி?"

"ஓவர்மாரோ."

"அப்படின்னா?"

"நாளன்னிக்கு."

"அட! இத்தனை நாளா உன்கிட்டயா இருந்துச்சு?" என்றாள் அக்கா. "வாக்கியம்?"

"ஓவர்மாரோ உன் வீட்டுக்கு வர்றேன். என் பாதியையும் எடுத்துக்கிட்டு."

"வாசல்ல நிக்காதே. நேரா உள்ள வந்து நீயே தண்ணி மொண்டு குடி," என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டாள்.

மேலே போய் லீவு லெட்டர் அடித்தாள். என்றைக்கு லீவு என்ற இடத்தில் அந்தப் பழைய வார்த்தையையே போட்டாள். கம்ப்யூட்டர் வழக்கம்போல அதன் அடியில் சிவப்பு நெளிகோடு போட்டது. இவள் மாற்றவில்லை. இன்னும் இரண்டு ராத்திரி கழிய வேண்டுமே, அது ஒரு செனைட் போல அல்லவா நீளும் என்ற ஏக்கத்தோடு அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அச்சுக்குக் கொடுத்தாள்.

தாள் வெளியே வந்தது. அச்சில் அந்தச் சிவப்புக் கோடு விழுவதில்லை.