சேற்றில் ஓடவேண்டிய வண்டி

ராணுவத்துக்கு ஆராய்ச்சி செய்கிறோம் என்றால் ஊரே ஏவுகணை என்று நினைக்கிறது. நாங்கள் செய்தது சேற்றில் மூட்டை சுமக்கும் ஒரு வண்டி. இடம், செரண்டா என்ற ஊரில் ஒரு தகரக் கொட்டகை. ஆட்கள், நான், அறிக்கை எழுதும் சாந்தி, வெல்டர் முருகையா அண்ணன். மானியம் கட்டம் கட்டமாக வரும். ஒரு கட்டம் தேறினால்தான் அடுத்த கட்டம், அதோடுதான் எங்கள் வேலையும். அண்ணன் அப்போதுதான் புக்கிட் செந்தோசாவில் வீடு வாங்கியிருந்தார். ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் வீட்டுக் கடன் தவணையை விரல்விட்டு எண்ணுவார். மானியத்தில் பிழைக்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

பேப்பரில் இருந்த சக்கரம்

சக்கரம் சேற்றில் புதைகிறது, டாங்கிக்கு இருப்பதுபோல் செயின் வேண்டும் என்பது முதல் மாதமே தெரிந்துவிட்டது. ஆனால் மானிய மனுவில் சக்கரம் என்று எழுதியிருந்தோம். அதை மாற்றவேண்டுமானால் மானியக் குழு கூடி அனுமதிக்க வேண்டும். குழு எப்போது கூடும் என்று குழுவுக்கே தெரியாது. எங்களை மேற்பார்க்கும் அதிகாரி குணா சாரிடம் போய் நின்றோம்.

"பேப்பர்ல சக்கரம்னா சக்கரம்தான் லா. வண்டி முழுகினா முழுகட்டும், ரிப்போர்ட் மட்டும் டைமுக்கு வரணும்."

டிசம்பர் வியாதி

வருடக் கடைசிக்குள் செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும். மறுவருடம் குறைத்தும் விடுவார்கள். செயின் வாங்க அனுமதியில்லை. பட்டியலில் இருந்தது டயர் மட்டும். ஆகவே டயரே வேண்டாத வண்டிக்கு நாற்பது டயர் வந்து இறங்கியது. கொட்டகையில் நடக்க வழியில்லை. முருகையா அண்ணன் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"இதுக்கு மேல ஏறி உக்காந்தா நாமளே சேத்துல முழுக மாட்டோம். வண்டி எதுக்கு தம்பி?"

வயல் சோதனை

ஒருவழியாகக் குழு கூடி, செயினும் வந்தது. சுங்கை புரோங் கிராமத்தில் அறுவடை முடிந்த வயலில் சோதனை. ராணுவத்தினர் மூட்டைகளை ஏற்றினார்கள். வண்டி நனைந்த சேற்றில் ஜம்மென்று போய்த் திரும்பி வந்தது. சாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வரப்பில் நின்ற ஓர் இளைஞர் மட்டும் அசையவில்லை. அந்த வட்டாரத்தில் அறுவடை மெஷின் ஓட்டுபவராம்.

"எங்க மெஷினு எப்பவுமே இந்த மாதிரி செயின்லதாண்ணே ஓடுது. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

வெற்றி விழா

அடுத்த வாரம் குணா சார் கேக்கோடு வந்தார். சாந்தி அடுத்த கட்ட மனுவை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. ஓடுகிற வண்டிக்கு ஆராய்ச்சி எதற்கு என்றார். ராணுவத்துக்கு வண்டி வாங்குவது வேறு பிரிவு, அங்கே இந்த வண்டிக்கு ஃபைலே கிடையாது, மாதக் கடைசியோடு கொட்டகையை மூடலாம் என்றார். வண்டி அரசாங்கச் சொத்து என்பதால் அதைப் பத்திரமாக மூடி வைக்கவும் சொன்னார். கேக்கை யாரும் தொடவில்லை. வண்டிமேல் கென்வாஸ் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த முருகையா அண்ணன், பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"சார், ஒரே ஒரு எடத்துல மட்டும் ஓடாத மாதிரி பண்ணிறட்டா?"

இத்தனை நாள் எங்களுக்குச் சோறு போட்டது அந்த வண்டியின் கோளாறுதான், அதைக் கஷ்டப்பட்டுச் சரிசெய்த புத்திசாலிகளும் நாங்களேதான்.